எலி கடித்த மூலை

லியோங் சூன் ஃபாட்டின் மாடி அறைக்குள் போகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு போகவேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கதவிலேயே அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்: தும்மாதே, தலை சொறியாதே, கம்பளிச் சட்டையோடு வராதே.

"ஈப்போ வெயில்ல எவன்யா கம்பளிச் சட்டை போடுறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் எழுதி வச்சதுலேர்ந்து எடுத்தது, தணி. நாமளா மாத்தினா தரம் கெட்டுப்போயிடும்" என்றார்.

ஆள் எப்பேர்ப்பட்டவர் என்பதற்கு இது ஒன்றே போதும். ஆனாலும் முழுவதையும் சொல்லித் தீர்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

நான் தணிகாசலம். பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்தவன். லியோங் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் அவர் கொட்டாவி விட்டால்கூட எனக்குக் கேட்கும். அவருடைய அப்பா பசாருக்கு அருகே கொய்த்தியாவ் நூடுல் வறுக்கும் கடை வைத்திருந்தார். மகனுக்கு அந்த எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, இன்சூரன்ஸ் ஏஜெண்டாகிவிட்டார். பாவம், வேலைக்காலம் முழுக்க அடுத்தவன் வீட்டு மணியை அழுத்தி, நாய்க்குப் பயந்து, 'வீட்டில் யாரும் இல்லை' என்று வீட்டுக்காரனே உள்ளேயிருந்து சொல்லக் கேட்டு நடந்த மனுஷன். ஓய்வு பெற்ற கையோடு மனைவி மெல்பர்னில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம், இவள் இன்னும் திரும்பவில்லை. எவள்தான் திரும்பி வருவாள்?

தனியாக இருந்த அந்த நாட்களில்தான் ஒரு ஸ்கேனரை வாங்கினார். அதன்பின் ஒரு விளக்குப் பலகை, தூசி ஊத ஒரு ரப்பர் உருண்டை, கைக்கு வெள்ளைக் கையுறை, அறைக்கு ஏர்கோன். வேலை என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. பழைய நெகட்டிவை விளக்குமேல் வைத்து, கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றி, கம்ப்யூட்டரில் படமாக ஏற்றுவது. இதற்குத் தனக்குத்தானே 'ஃபிலிம் டாக்டர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். தெருவில் எல்லார் வீட்டு அலமாரியிலும் நெகட்டிவ் கிடந்தது, எல்லாரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுத்தவன் வாசலில் நின்றவர் வாசலில் இப்போது ஊர் வந்து நின்றது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. காசு மட்டும் வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக உட்காரவைத்து, தான் எந்தக் கீறலை எப்படி எடுத்தேன் என்று நம் காது புளிக்கப் பேசுவார். காசு கொடுத்துத் தப்பித்திருக்கலாம் என்று தோன்றும்.

எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சிவப்பில் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார். என் கல்யாணப் படத்தில் என் மனைவி கமலவேணியின் பட்டுப்புடவைக் கரைமேல் 'லியோங் சூன் ஃபாட்' என்று கிடக்கிறது. அதாவது பரவாயில்லை. அந்தப் படத்தில் அவள் மூக்கைக் காணோம் என்கிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் மூக்குத்தியைக் காணோம்!

"வெள்ளைப் புள்ளின்னா தூசி, தணி. துடைச்சு எடுத்துட்டேன்."

"அது எங்க மாமியார் போட்ட வைர மூக்குத்திய்யா!"

"ஃபிலிம்ல வைரமும் தூசியும் ஒண்ணுதான். நான் என்ன பண்ண?"

கமலவேணி படத்தைப் பார்த்துவிட்டு, "மூளி மூக்கோட எவளையோ கட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அந்தப் படம் இன்றுவரை எங்கள் வீட்டு ஆணியில் ஏறவில்லை.

சரி, மூக்குத்தி போனால் போகிறது. சௌ யிங் அக்காவுக்கு அந்த ஆள் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சௌ யிங் அக்கா எங்கள் எதிர் வீடு. புருஷன் கம் சோய் ஈய லம்பச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மண் சரிந்து உள்ளே போனவர் பிணமாக வந்தார். அப்போது மகன் சீ கியோங் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தம்மா பின்கட்டில் பானை பானையாகப் பயற்றுமுளை வளர்த்து, சந்தையில் விற்று, அந்தப் பிள்ளையைக் கணக்காய்வாளன் ஆக்கினார். அவன் இப்போது கோலாலம்பூரில். புருஷனுக்கு இருந்தது ஒரே ஒரு படம். கூடத்துச் சாமிமேடையில், சிவப்பு விளக்குக்குக் கீழே இருக்கும். காலையில் ஊதுவத்தி கொளுத்தி, ஒரு கிண்ணம் கோப்பி வைத்து, அந்தப் படத்தோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அக்காவுக்கு மற்ற வேலை.

அந்தப் படத்தைக் கறையான் தின்றுவிட்டது. சட்டத்தின் பின்னாலிருந்து அரித்துக்கொண்டே வந்து, ஒருநாள் அக்கா துடைக்க எடுத்தபோது உள்ளே இருந்தது பொலபொலவென்று உதிர்ந்தது. தெருவே ஓடிவந்தது, அப்படி அழுதார். புருஷன் செத்தபோதுகூட இவ்வளவு அழவில்லை என்று பழைய ஆட்கள் சொன்னார்கள்.

அப்புறம் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஸ்டூடியோக்காரன் கொடுத்த உறை கிடைத்தது. உள்ளே நெகட்டிவ். உள்ளங்கை அகலம், ஒரே தாள். நான்தான் அவரை லியோங்கிடம் கூட்டிப்போனேன்.

லியோங் கையுறையை மாட்டிக்கொண்டு அதை விளக்கில் தூக்கிப் பிடித்தார். கோயில் பூசாரி கற்பூரத்தட்டைத் தூக்குகிற தோரணை. "ஐயோ, மூலையில எலி கடிச்சிருக்கே" என்றார்.

நானும் பார்த்தேன். மூலைக்குப் பக்கத்தில் ஓரத்தில் மூன்று சின்ன வெட்டு. அளவெடுத்த மாதிரி வரிசையாக.

"எலி இவ்வளவு ஒழுங்காவா கடிக்கும்?"

"ஸ்டூடியோ எலி. படிச்ச எலி" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து அந்த ஓரத்தை நறுக்கென்று வெட்டிக் குப்பையில் போட்டார். "இப்பப் பாரு, சட்டத்துக்குள்ள அம்சமா உக்காரும்."

அதற்குப்பின் ஃபிலிமை இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். சாதாரண ஃபிலிம் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும், அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் மேலே என்று கண்டுபிடிப்பாராம். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கல். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சௌ யிங் அக்கா மெதுவாக வாயைத் திறந்தார்.

"அவரு மூஞ்சி கொஞ்சம் சமையக்கட்டுப் பக்கம் திரும்பி..."

"உஷ்! பேசாதீங்கக்கா. எச்சி தெறிக்கும். ஃபிலிம் உங்களவிட எனக்குச் சொல்லும்."

அந்தம்மா வாயை மூடிக்கொண்டார். லியோங் ஏதோ ஒரு பக்கத்தை மேலே போட்டு மூடியைச் சாத்தினார்.

படம் வந்தது. சட்டம் போட்டு, மூலையில் சிவப்புக் கையெழுத்தோடு, ஊர்வலம்போலத் தெருவைக் கடந்து தானே கொண்டுவந்தார். சீ கியோங்கும் மனைவி புய் லெங்கும் அன்று வந்திருந்தார்கள். இளம் வயது கம் சோய், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருந்தது. தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. அதை நான் மறுக்கவில்லை.

சௌ யிங் அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு இது?" என்றார்.

"அம்மா! அப்பாதாம்மா" என்றான் சீ கியோங்.

"இல்ல. உங்கப்பா சமையக்கட்டப் பாப்பாரு. இவன் வாசலப் பாக்குறான்."

புய் லெங் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"இவன் யாரோ அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்" என்றார் அக்கா.

லியோங் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீ கியோங், ஃபிலிம் பொய் சொல்லாது. மனுஷ மூளைதான் வயசானா..." என்று விரலால் தன் நெற்றிப்பொட்டில் தட்டிக் காட்டினார். "எங்க ஏஜெண்ட் தொழில்ல நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். முதல்ல மூஞ்சி மறக்கும். அப்புறம் வீடு மறக்கும்."

அதுதான் விதை. அவர் போட்டது. ஏற்கெனவே அந்தம்மா ஒருமுறை அடுப்பை அணைக்காமல் பசாருக்குப் போனது, சாவியை அரிசிப் பானையில் வைத்துவிட்டுத் தேடியது, எல்லாவற்றையும் மருமகள் சேர்த்துவைத்திருந்தாள். கட்டின புருஷன் முகத்தையே தெரியவில்லை என்றபின் பேச்சுக்கு இடமேது? கோலாலம்பூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டார்கள். சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் சிங் மிங் வருகிறது, கல்லறையைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து அப்படியே அழைத்துப்போய்விடுவதாக ஏற்பாடு. வீட்டைப் பூட்டி விற்றுவிடலாம் என்றும் பேச்சு. அதோடு லியோங் எடுத்த படத்தைப் பீங்கானில் சுட்டுக் கல்லறையில் பதிக்கவும் கொடுத்துவிட்டான் மகன்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். என்னிடம் வந்து வேலிப்பக்கம் நின்றார். கம் சோயின் கல்லறை இரட்டைக் கல்லறை, பக்கத்து இடம் அக்காவுக்கு. உயிரோடு இருப்பதால் அவர் பெயரைச் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறது.

"தம்பி, என்ன எங்க வேணாலும் கொண்டுபோய் விடட்டும். ஆனா செத்தா அங்கதானே புதைப்பாங்க? யாருன்னே தெரியாத ஆம்பள பக்கத்துல நான் எப்படித் தம்பி படுப்பேன்?"

"பாத்துக்கலாங்கக்கா" என்றேன். இதைவிட மடத்தனமான வார்த்தை தமிழில் கிடையாது.

அடுத்த வாரம் புய் லெங் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவின் துணிமணியை மூட்டை கட்ட வந்திருந்தாளாம். "அங்கிள், நீங்களே வந்து பாருங்க. அப்புறம் நாங்க கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்லாதீங்க." கைபேசியில் படமெடுத்தபடியே நடந்தாள்.

படுக்கையறையில் சௌ யிங் அக்கா அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே. மடியில் கோப்பிக் கிண்ணம்.

"வந்துட்டியா? இத்தன நாளா எங்க போன? கறையான் தின்னதும் கோச்சுக்கிட்டியா?"

மருமகள் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினாள். சரி, போய்விட்டது, கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, பாரு, வந்துட்டாரு!"

எட்டிப் பார்த்தேன். லியோங் கொடுத்த படம் எதிர்ச் சுவரோரம் மேசையில் இருந்தது. அன்னியன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் செத்தவருக்கு மரியாதை இல்லையே என்று, கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார். இப்போது கண்ணாடிக்குள் கம் சோய் இருந்தார். கறையான் தின்னாத காலத்தில் அந்தச் சாமிமேடையில் நானே ஆயிரம் தடவை பார்த்த கம் சோய்.

உற்றுப் பார்க்க மூக்குக்கண்ணாடி போடலாம் என்று சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனேன். என் பை இடது பக்கம். மேசையில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு எதிரே ஒருத்தன் நின்றால் அவன் சட்டைப் பை எனக்கு வலது கைப்பக்கமாகத்தானே இருக்கவேண்டும்? அந்தப் படத்தில் என் இடது கைப்பக்கமாக இருந்தது. சட்டைப் பை வலது மார்பில்! படுபாவி. ஃபிலிமைத் தப்பான பக்கம் போட்டு எடுத்திருக்கிறார்.

நேராக லியோங் வீட்டுக்குப் போனேன். மூச்சை அடக்கவில்லை, வேண்டுமென்றே ஒரு தும்மலும் போட்டேன்.

"சட்டைப் பை வலது பக்கம் இருக்கு, லியோங். படம் இடம் வலமா மாறியிருக்கு."

"அந்தக் காலத்துத் தையக்காரனுங்க ரெண்டு பக்கமும் பை வைப்பானுங்க."

"பொத்தானும் பொம்பளச் சட்டை மாதிரி போட்டிருக்கே?"

"அவசரத்துல போட்டிருப்பாரு."

அடேயப்பா! பொத்தானை அவசரத்தில் பக்கம் மாற்றிப் போட்ட உலகத்தின் ஒரே மனுஷன் கம் சோய்தான். ஆனாலும் லியோங்கின் முகத்தில் ஏதோ ஓடியது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். தாள் தாளாக வரும் பெரிய ஃபிலிமைப் பற்றிய ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒரு படம். ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டு. இருட்டிலும் விரலால் தடவி எந்தப் பக்கம் மேலே என்று கண்டுபிடிக்க, ஃபிலிம் செய்கிறவனே போட்டு அனுப்புகிற அடையாளமாம் அது. அவர் தோளுக்கு மேலே எட்டி நானும் படித்தேன்.

படிச்ச எலி!

லியோங் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"ஒரு பொத்தானை அமுக்கினா படம் திரும்பிடும் இல்ல?" என்றேன். "திருப்புங்க. மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தம்மாவை இல்லத்துக்கு அனுப்பப் போறானுங்க."

"பீங்கான் சுட்டு வந்தாச்சு, தணி."

"போகட்டும். இன்னொண்ணு சுடட்டும்."

"அது இல்ல." கையுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாக நீவினார். "இந்தத் தெருவுல நான் எத்தன பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன்? இது வெளிய தெரிஞ்சா அத்தன பேரும் அவனவன் படத்தத் தூக்கிட்டு வந்து நிப்பான். மனுஷ மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அந்தக் கிழவிக்கு எப்படியும் மறதி வந்துக்கிட்டுதான் இருக்கு. இன்னிக்கு இல்லைன்னா அடுத்த வருஷம் அனுப்பத்தான் போறாங்க. விடு லா."

இதுவரை அவருக்கு மரியாதை கொடுத்து 'ர்' போட்டு எழுதிவந்தேன். இனி முடியாது.

நான் நேரே சீ கியோங்குக்குப் போன் போட்டேன். படம் திரும்பியிருக்கிறது, கண்ணாடியில் பார் என்று சொன்னேன். "அங்கிள், அம்மாவும் இதத்தான் சொல்றாங்க, கண்ணாடிக்குள்ள அப்பா இருக்காருன்னு. புய் லெங் அனுப்பின வீடியோவ நான் முழுசாப் பாக்க முடியாம நிறுத்திட்டேன். இப்ப நீங்களுமா?" என்றான். லியோங்கைக் கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறான். "தணிக்கு ஃபிலிமப் பத்தி என்னா தெரியும்? வேன் ஓட்டினவன். அந்தம்மா மேல பாவப்பட்டு ஏதோ உளறுறான்" என்று அந்தப் பெரிய மனுஷன் பதில் சொல்லியிருக்கிறான். தெரிந்தே! எலி கடிக்காததை எலி கடித்தது என்று சொன்ன வாய், கேட்கவா வேண்டும்?

சிங் மிங் அன்று காலையில் என் வேனில்தான் எல்லாரும் போனோம். வறுத்த பன்றி, வேகவைத்த கோழி, ஆரஞ்சு, செத்தவருக்கு எரிக்கிற தாள், புல் வெட்ட மண்வெட்டி. பின்சீட்டுக்கு அடியில் அக்காவின் துணிப்பை. அது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பார்க்கவில்லை. லியோங் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில். தன் கைவண்ணம் கல்லேறியதைப் பார்க்க வந்த சிறப்பு விருந்தாளி. புதுச் சட்டை வேறு.

கல்லறை மேட்டில் எங்கு பார்த்தாலும் புகை. சீ கியோங் புல்லை வெட்டினான், எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டினான். கல்லின் நடுவில் பீங்கான் படம் பளபளத்தது. கம் சோய் அன்னியன்போல ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் சிவப்பில் லியோங்கின் கையெழுத்து. அங்கேயும்! செத்தவன் கல்லறையிலும்!

"தணி, அந்த நெற்றியில இருந்த கீறல எடுக்க நான் பட்ட பாடு இருக்கே..." என்று லியோங் ஆரம்பித்தான்.

"வாய மூடு" என்றேன். நான் சொன்னது புய் லெங்குக்கும் கேட்டது.

ஊதுவத்தி கொளுத்தியாயிற்று. மகன் அம்மாவைக் கும்பிடச் சொன்னான். சௌ யிங் அக்கா கல்லுக்கு முன்னால் நின்றார். வத்தியைக் கையில் வாங்கவில்லை.

"இவனுக்கு நான் கும்பிட மாட்டேன்."

"அம்மா, இன்னிக்கு வேணாம்மா" என்றான் சீ கியோங். வத்தியை மறுபடி நீட்டினான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அக்கா தோள்பையைத் திறந்தார். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்தார். பசாரில் விற்கிற, பிளாஸ்டிக் பிடி போட்ட கண்ணாடி. புய் லெங் "ஐயோ, இங்கயுமா" என்று முனகினாள். அக்கா கல்லோரமாக நின்று, கண்ணாடியைப் படத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.

"கியோங், என்னப் பாக்காத. இதுக்குள்ள பாரு."

அவன் பார்க்கவில்லை.

"அம்மா கடைசியா ஒண்ணு கேக்குறேன். பாத்துட்டு எங்க வேணாலும் கொண்டுபோய் விடு. நானே வந்து வண்டியில ஏறிக்கிறேன்."

சீ கியோங் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அவன் உதடு கோணியது. அந்தப் பெரிய உடம்பு அப்படியே சிமெண்டுத் தரையில் குந்தியது.

"அப்பா" என்றான்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

"நான் சமையக்கட்டு வாசப்படியில உக்காந்து சாப்பிடுவேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சாமிமேடைப் படத்துலேர்ந்து என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு. மிச்சம் வச்சாத் திட்டுவாரோன்னு பயந்து முழுசாச் சாப்பிடுவேன்." கண்ணாடியைத் தொடப்போனவன் கையை இழுத்துக்கொண்டான். "இவருதான்மா. இவருதான்."

"நான் வேற என்னத்தச் சொன்னேன்?" என்றார் சௌ யிங் அக்கா. அழவெல்லாம் இல்லை. கோபம்தான். "புருஷன் மூஞ்சி தெரியாமலா இத்தன வருஷம் கோப்பி வச்சேன்?"

புய் லெங் ஒரு ஆரஞ்சை எடுத்து, துடைத்து, திரும்ப அதே தட்டில் வைத்தாள். அவளுக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சீ கியோங் எழுந்து லியோங்கைப் பார்த்தான். "அங்கிள், தணி அங்கிள் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

லியோங் சிரிக்க முயன்றான். "இது ஃபிலிம் வேலையில சகஜம்ப்பா. இடவல மாற்றம்னு சொல்லுவாங்க. நானே இன்னிக்கு உங்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். கண்ணாடி வச்சுப் பாக்கலாம்னு நான்தான் தணிகிட்ட..."

என்ன ஜென்மம் இது! நான் மண்வெட்டியைத் தேடினேன், சத்தியமாகத் தேடினேன். அதற்குள் அக்கா திரும்பினார்.

"லியோங், இங்க வா."

வந்தான்.

"கையுறை வச்சிருக்கியா?"

"இல்லக்கா."

"பரவால்ல. வெறுங்கையால பிடி." கண்ணாடியை அவன் கையில் திணித்தார். "இப்படிச் சாய்ச்சுப் பிடி. ஆடக்கூடாது. பேசக்கூடாது, எச்சி தெறிக்கும். எனக்கு அவருகிட்ட பேச நிறைய இருக்கு."

மகன் கையிலிருந்து வத்தியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து நின்றார். சந்தையில் பயற்றுமுளை விலை ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். பேச்சு அடுப்பை அணைக்க மறந்ததற்குப் போனது, மருமகளுக்குப் போனது, கறையானுக்குப் போனது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. லியோங்கின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கை கடுத்தது, மற்றக் கையால் தாங்கிப் பிடித்தான். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அங்கிள், அம்மா பை வண்டியிலேயே இருக்கட்டும், விடுங்க" என்று சீ கியோங் என் காதோரம் சொன்னான். "வீட்டுக்குத்தான் போறோம்."

நான் தலையாட்டிவிட்டு, கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்தேன். கம் சோய் தன் மனைவி நின்ற பக்கம் முகம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் லியோங்கின் கையெழுத்து மட்டும் யாராலும் படிக்க முடியாதபடி திரும்பிக் கிடந்தது.